மரக்கிளையில் தொங்கிய சோறு

பனியனுக்குப் பெயர் பெற்ற ஊர் திருப்பூர். அதற்கு முன்பே அது கதருக்குப் பெயர் பெற்ற ஊர். கதர் என்றால் வெறும் துணி அல்ல. அந்தக் காலத்தில் அது ஒரு சபதம்!

அந்தக் கதரை உடுத்திக்கொண்டு, ஒரு பிடி உப்பு எடுக்க 150 மைல் தூரம் நடந்தார்கள் ஏறத்தாழ நூறு பேர். அவர்களை அழைத்துச் சென்றவர் ராஜாஜி.

வக்கீல் வேலையை விட்டார்

ராஜாஜி 1878-ம் ஆண்டு ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் பேர்போன வக்கீலாக இருந்தார். கை நிறைய வருமானம். காந்தியின் அழைப்பைக் கேட்டு அதை உதறினார். சிறைக்கும் சென்றார்.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கே ஒரு குடிசையில் வாழ்ந்தார். ஏழைப் பெண்கள் ராட்டையில் நூல் நூற்றுக் கூலி பெற வழி செய்தார். எல்லா சாதியினரும் ஆசிரமத்தில் ஒன்றாக வாழ்ந்தார்கள்.

புறப்பட்டது படை

1930-ம் ஆண்டு, உப்பு வரியை எதிர்த்துக் காந்தி தண்டிக்கு நடந்தார். அதே வழியில் ராஜாஜி ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்டார். டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டு வாசலில் இருந்து படை கிளம்பியது. கையில் ஆயுதம் இல்லை. போக வேண்டிய இடம், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள வேதாரண்யம்.

ராஜாஜிக்கு அப்போது வயது 51. மெலிந்த உடல். ஆஸ்துமா வேறு! ஆனாலும் இளைஞர்களோடு நடந்தார். சித்திரை வெயில், நாளுக்குச் சராசரி பத்து மைல். போகும் ஊர்களில் கதர் உடுத்தும்படி சொன்னார்கள். தீண்டாமை ஒழிய வேண்டும் என்றார்கள்.

கலெக்டர் போட்ட உத்தரவு

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் சும்மா இருப்பாரா? தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் சிறைத் தண்டனை என்று எச்சரித்தார். பசித்தால் படை தானே கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கும்பகோணத்தில் பந்துலு அய்யர் அஞ்சவில்லை. தொண்டர்களை வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

கிராமத்து மக்கள் வேறு வழி கண்டார்கள். சோற்றைப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். வைத்தது யார் என்று போலீசுக்குத் தெரியாது, தொண்டர்களுக்கும் தெரியாது!

முகம் தெரியாதவர்கள் கட்டி வைத்த சோறு. அதைப் பிரித்து, பங்கிட்டு உண்டுவிட்டு, படை மறுபடி நடந்தது.

ஒரு பிடி உப்பு

ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அங்கே வேதரத்தினம் பிள்ளை ஆதரவு கொடுத்தார். பின்னர் அதற்காக அவரும் தண்டனை அனுபவித்தார்.

ஏப்ரல் 30-ந் தேதி காலை, அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். உடனே கைதானார். ஆறு மாதச் சிறை.

தலைவர் சிறைக்குப் போனார், போராட்டம் நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1932 ஜனவரியில், திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்ற குமரன் போலீஸ் தடியடியில் உயிர் நீத்தார்.

ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்நாளில் முதல்-மந்திரியை அப்படித்தான் அழைத்தார்கள். 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். 1972 டிசம்பர் 25-ந் தேதி காலமானார்.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூண் நிற்கிறது. நடந்தவர்களின் பெயர்களைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. மரத்தில் சோறு கட்டிய தாய்மார்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தச் சோறு இல்லை என்றால், அந்த உப்பும் இல்லை!