திறப்புகளை மாதாவின் கையில் கொடுத்த தலைவி

அவிலா நகரத்துத் தெரேசம்மாளைச் செபத்தின் புனிதையாகவே நம் குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. ஆனால், அன்பான வாசகரே, தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் மடங்களை நிறுவி நிர்வகிப்பதிலேயே செலவிட்டார் என்பதை நீங்கள் அறிவீர்களோ? வீடு வாங்கினார், கடன் தீர்த்தார், மேலதிகாரிகளோடு போராடினார். திருச்சபையில் பெண் தலைமை தாங்கலாமா என்ற கேள்வி நம்மிடையேயும் எழுவதால், அவர் வாழ்வின் இந்தப் பக்கத்தைச் சற்றுப் பார்ப்போம்.

1515இல் ஸ்பெயினில் பிறந்தார். பாட்டனார் யூத வம்சத்திலிருந்து மனந்திரும்பியவர். 1485இல் விசாரணை மன்றத்தின் தண்டனைக்கு ஆளானவர். தெரேசம்மாள் 1535இல் அவிலாவின் மனிதாவதார மடத்தில் சேர்ந்து கார்மேல் சபைக் கன்னியானார். 1562இல் புனித சூசையப்பர் பெயரால் சிறியதொரு சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார். சாகுமுன் அத்தகைய மடங்கள் 17 ஆகிவிட்டன. 1568இல் இளங்குருவாயிருந்த சிலுவை அருளப்பரைத் தம் வழிக்குச் சேர்த்து, ஆண் துறவிகளுக்கும் ஒரு மடம் எழச் செய்தார். ஒரு பெண் வகுத்த ஒழுங்கை ஆண்கள் ஏற்று நடந்தது அந்நாளில் சிறு காரியமல்ல.

ஏனெனில் காலம் அப்படிப்பட்டது. 1559இல் தாய்மொழிச் செப நூல்கள் பலவற்றை விசாரணை மன்றம் தடைசெய்ததால், இலத்தீன் அறியாத பெண்களின் கையில் வாசிக்க அதிகம் எஞ்சவில்லை. நிறைவின் வழி என்ற தம் நூலில் தெரேசம்மாள் பெண்களுக்காகப் பரிந்து எழுதினார். ஆண்டவர் பெண்களை வெறுக்கவில்லை, உலகில் நீதிபதிகள் யாவரும் ஆண்களாயிருப்பதால் பெண்ணின் புண்ணியமும் சந்தேகத்துக்குள்ளாகிறது என்பது அதன் கருத்து. நூலைப் பரிசீலித்த குருவானவர் அப்பகுதியை அடித்துவிட்டார்.

1571இல் மேலிடம் அவரைப் பழைய மனிதாவதார மடத்துக்கே தலைவியாக நியமித்தது. நூற்றுக்கு மேற்பட்ட கன்னியர் அங்கிருந்தனர். தங்களைக் கேளாமல் வந்த தலைவியைப் பலர் விரும்பவில்லை. அவர் வந்த நாளில் வாசலிலேயே பெருங்கூச்சல். பிறகு முதற்கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்டது என்ன? தலைவியின் ஆசனத்தில் தேவமாதாவின் சுரூபம். அதன் கையில் மடத்துத் திறப்புகள். அதன் பாதத்தடியில் தெரேசம்மாள். இதைத் தாழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நல்ல சாதுரியமுமாகும்! சாப்பாட்டுக்கே வழியின்றிக் கன்னியர் உறவினர் வீடுகளில் தங்கிய காலம் அது. முதலில் அந்தக் குறையைக் கவனித்தார். சிலுவை அருளப்பரை மடத்தின் ஆன்ம குருவாக அழைப்பித்தார். மூன்றாண்டு முடிவில் மடம் அமைதியடைந்திருந்தது.

1577இல் அங்கு மீண்டும் தேர்தல் வந்தது. அவரை விரும்பாத அதே மடத்தில் 50க்கு மேற்பட்டோர் இப்போது அவருக்கே வாக்களித்தனர். மாகாண அதிபர் அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்து, வாக்குச் சீட்டுகளையும் எரித்தார், வேறொருவர் தலைவியாக்கப்பட்டார். பாப்பரசரின் தூதரோ, தெரேசம்மாள் மடத்தைவிட்டு ஊர் சுற்றுவதையும், புனித சின்னப்பரின் சொல்லுக்கு மாறாகப் பெண்ணாயிருந்து போதிப்பதையும் குற்றமாகக் கண்டார். இந்தப் புயலின் நடுவேதான், அதே 1577இல், உள்ளக் கோட்டை என்ற நூலை அவர் எழுதி முடித்தார்.

1580இல் ரோமாபுரி அவருடைய சீர்திருத்தத்தைத் தனி மாகாணமாக ஏற்றது. 1582 ஒக்டோபரில் வண்டிற் பயணமொன்றின் முடிவில் ஆல்பா நகரில் மரித்தார். 1622இல் நம் சவேரியாரோடு ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆயினும் மறைவல்லுநர் பட்டத்துக்கான விண்ணப்பம், பெண் என்ற காரணத்தால், 11ஆம் பத்திநாதர் காலத்தில் மறுக்கப்பட்டது. பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் 1970 செப்டெம்பர் 27இல் அதை வழங்கினார். அப்பட்டம் பெற்ற முதற்பெண் இவரே. ஒரு வாரத்தில் சீயன்னா கத்தரீனம்மாளும் பெற்றார்.

தெரேசம்மாள் குருப்பட்டம் கேட்டவரல்ல. அது ஆண்களுக்கே உரியதென்ற போதனையைத் திருச்சபை 1994இலும் உறுதிப்படுத்தியது. ஆளுகை வேறு விஷயம். 2025 ஜனவரியில், துறவற சபைகளுக்கான வத்திக்கான் பேராயத்தின் தலைவியாக அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா நியமிக்கப்பட்டார். ஒரு கர்தினால் அவருக்கு அடுத்த பொறுப்பில் அமர்த்தப்பட்டார். அந்தப் பேராயத்தின் பொறுப்பில் பெண்களின் சபைகள் மட்டுமல்ல, ஆண்களின் சபைகளும் உள்ளன. கார்மேல் சபைக் குருக்களும் அவற்றில் அடங்குவர்.