பந்தயத்தை எளியோர்க்கும் எட்டச் செய்த கரிவரதன்

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோடில் போகும்போது முன்னால் பஸ் நின்றால் பிரேக்கை மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது, அத்தோடு அதை மறந்துவிடுகிறோம். பந்தய வீரருக்கோ அந்த மிதியில்தான் வெற்றியும் தோல்வியும், சில சமயம் உயிருமே அடங்கியிருக்கின்றன. இந்த வித்தையை நம் நாட்டு இளைஞர்கள் குறைந்த செலவில் கற்க வழி செய்தவர் கோயமுத்தூர் எஸ். கரிவரதன்.

1954-ஆம் ஆண்டு லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பஞ்சாலைத் தொழிலோடு நிற்காமல் அவர் மனம் மோட்டாரை நாடியது. அந்நாளில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நடந்து வந்தன. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். ஓட்டுவது மட்டும் வசதி படைத்தவர்களுக்கே சாத்தியமாயிருந்தது. அங்கே ஓட்டிப் பேர் பெற்ற கரிவரதன், கோவையிலேயே பந்தயக் கார்களைச் செய்யவும் முனைந்தார்.

1980-களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கியதுதான் ‘ஃபார்முலா மாருதி’. ஒருவர் மட்டும் அமரும் சிறு பந்தயக் கார். அதற்கு மாருதி 800 எஞ்சின். ஊருக்கு ஊர் கிடைக்கும் எஞ்சினாதலால் செலவு குறைந்தது. எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்றானபின் பணபலம் செல்லவில்லை. ஓட்டும் திறமையே பேசிற்று. வளைவை நெருங்கும்போது கடைசி நொடிவரை பொறுத்துப் பிரேக் போடத் தெரிந்தவர் முந்தினார்.

அப்படிப் பொறுப்பதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. பிரேக்கும் சரியாக அமைந்திருக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. அத்தனையும் சூடாக மாறுகிறது. சூடு மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் வெறுமனே உள்ளே போய்விடும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் இன்னும் சீக்கிரமே கொதிக்கும். ஆகவே பந்தயத்துக்கு முன் புது ஆயில் ஊற்றுகிறார்கள். இன்னொன்று, பிரேக் போட்டதும் பாரம் முன்சக்கரங்களுக்குத் தாவி, பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. பின் பிரேக் அதிகமாகப் பிடித்தால் அச்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாய்ச் சுழலும். அதனால்தான் முன் பிரேக்குக்குப் பங்கு அதிகம். சாலையில் ஓடும் நம் வண்டிகளுக்கும் இதே விதிதான்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் பிறந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் உலக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2010-இல் அங்கே ஓடிய சென்னை கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் பழகியவரே.

இதையெல்லாம் காணக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-இல் கோவையில் நேர்ந்த சிறு விமான விபத்து அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இளைஞர்கள் அங்கே இன்றும் பிரேக் போடப் பழகுகிறார்கள்.