மழையில் நின்ற வெற்றி வீரர்

நமது மாவட்டத்துக் கொடைக்கானல் மலையில் 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோல்ஃப் கழகம் ஒன்று உண்டு. சிறிய வெள்ளைப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து, 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்வதே இவ்விளையாட்டு. மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார். செல்வர்களின் ஆட்டம் எனக் கருதப்படும் இதில் புகழ்க்கொடி நாட்டிய ஓர் ஏழையின் வரலாற்றைக் காண்போம்.

1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் தமிழரும், தெலுங்கரும், வடஇந்தியரும் ஆயிரக்கணக்கில் அங்கே சென்றனர். அந்த இந்தியச் சமுதாயத்தில் பிறந்தவரே செவ்சங்கர் செவ்கோலம். அனைவரும் அவரைப் 'பாப்வா' என்றே அழைத்தனர்.

வறுமையால் பாப்வாவுக்கு எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. இளம் வயதிலேயே கோல்ஃப் மைதானத்தில் வெள்ளையரின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார். ஆட்டத்தை அவருக்குக் கற்றுத் தர ஆசிரியர் எவருமில்லை. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் மட்டையைப் பிடிக்கும்போது வலக்கை கீழே இருக்கும். பாப்வாவோ இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். பார்த்தவர்கள் வியந்தனர், பந்தோ குறி தவறாமல் சென்றது!

அவருடைய திறமையை உணர்ந்த கிரஹாம் வுல்ஃப் என்ற வெள்ளையர் ஐரோப்பா செல்ல உதவினார். 1959-ஆம் ஆண்டு நடந்த டச்சு ஓபன் போட்டியில் பாப்வா வாகை சூடினார். 1960, 1964 ஆகிய ஆண்டுகளிலும் அதே வெற்றியைப் பெற்றார்.

ஆனால் தாய்நாட்டில் நிறவெறி ஆட்சி நடந்தது. 1963-ஆம் ஆண்டு டர்பனில் நடந்த நேட்டால் ஓபன் போட்டியில் வெள்ளையர்களை வென்று முதலிடம் பெற்றார் பாப்வா. பரிசளிப்பின் போது மழை பெய்தது. வெள்ளையர்கள் கழகக் கட்டடத்தினுள் இருந்தனர். இந்தியரான பாப்வாவுக்கு உள்ளே செல்ல அனுமதியில்லை. வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றார்! அந்தக் காட்சியின் புகைப்படம் உலகெங்கும் பரவி, நிறவெறியின் கொடுமையை எடுத்துக் காட்டியது.

1965-ஆம் ஆண்டு அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே பாப்வா தோற்கடித்தார். அதன்பின் அரசாங்கம் அவரைப் பெரிய போட்டிகளில் ஆடவிடவில்லை. வெளிநாடு செல்லும் வழியையும் அடைத்தது. கைத்திறன் குன்றாதிருந்தும் களம் மறுக்கப்பட்ட அவர், 1978-ஆம் ஆண்டு வறுமையில் உயிர் நீத்தார். 1994-இல் அந்நாட்டில் அனைவருக்கும் வாக்குரிமை வந்ததை அவர் காணவில்லை. இருப்பினும் டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

உழைத்தால் உயரலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், கதவைத் திறக்க வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்களே என்பதையும் பாப்வாவின் வாழ்வு உணர்த்துகிறது. பிறப்பைக் காட்டி மனிதரை வாசலில் நிறுத்தும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டன்றோ? எல்லாரும் இறைவனின் பிள்ளைகள் என்று நாள்தோறும் செபிக்கும் நாம், நம் வீட்டு வாசலிலும், நம் வகுப்பறையிலும் எவரையும் வெளியே நிற்க விடாதிருப்போமாக!