கல்லெழுத்தில் வாசுதேவன்
டாக்டர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் (1837–1925)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் சிலர் பக்தி நெறியைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தனர். ஒரே இறைவனிடம் அன்பு செலுத்திச் சரணடையும் நெறி பாரத மண்ணில் தோன்றியதன்று, கிறிஸ்தவத்திடமிருந்து பெற்றது என்பது அக்கருத்து. ஜெர்மானியரான லோரின்ஸர் 1869-இல் தாம் வெளியிட்ட கீதை மொழிபெயர்ப்பில் அதன் சுலோகங்களைப் புதிய ஏற்பாட்டின் வாக்கியங்களோடு ஒப்பிட்டு இதை நிறுவ முயன்றார். பக்தர்களின் மனம் வருந்தியது. ஆனால் வருத்தம் சான்றாகாது. சான்றைத் தேடிச் சென்று, அது காட்டிய எல்லைக்குள் நின்று உண்மையை உரைத்தவர்களுள் முதன்மையானவர் பண்டார்கர்.

கல்வியும் தேடலும்

கொங்கணக் கடற்கரையில் உள்ள மால்வனில் 1837 ஜூலை 6 அன்று அவர் பிறந்தார். இரத்தினகிரியிலும் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று, 1862-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். அவரோடு பட்டம் பெற்றவர் மகாதேவ கோவிந்த ரானடே. ஆங்கிலக் கல்வியில் தேர்ந்த பண்டார்கர், பின்னர் சாஸ்திரிகளிடம் அமர்ந்து வடமொழி நூல்களைப் பாரம்பரிய முறையில் கற்றார். சொல்லின் பொருளை நுணுகி அறியும் பயிற்சியை ஒன்றும், எதையும் ஆராய்ந்தே ஏற்கும் மனத்தை மற்றொன்றும் அவருக்கு அளித்தன.

ஒருமுறை பார்சி அன்பர் ஒருவர் பழைய செப்பேடு ஒன்றைக் கொணர்ந்து படித்துக் கூறுமாறு வேண்டினார். அதற்காகப் பண்டைய எழுத்துகளைக் கற்கத் தொடங்கிய பண்டார்கருக்குக் கல்வெட்டு ஆராய்ச்சி வாழ்நாள் பணியாயிற்று. நாசிக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றிய அவரது கட்டுரை 1874-இல் லண்டனில் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டிற்காக எழுதப்பட்டது.

பதஞ்சலியின் காலம்

பாணினியின் இலக்கணத்திற்கு மஹாபாஷ்யம் இயற்றிய பதஞ்சலி, வாசுதேவனை வழிபாட்டிற்குரியவராகக் குறிப்பிடுகிறார். ஆகவே பதஞ்சலியின் காலம் உறுதியானால் வாசுதேவ வழிபாட்டின் தொன்மையும் உறுதியாகும். புஷ்யமித்திரனுக்காக வேள்வி நடைபெறுவதைப் பதஞ்சலி நிகழ்கால வினையால் சுட்டுவதைப் பண்டார்கர் எடுத்துக்காட்டினார். புஷ்யமித்திரன் வாழ்ந்த கி.மு. இரண்டாம் நூற்றாண்டே பதஞ்சலியின் காலமும் ஆகும் என 1872-இல் நிறுவினார். புகழ்பெற்ற ஜெர்மானிய அறிஞர் வெபர் மறுத்து எழுதியபோது, பணிவு குன்றாமலும் கருத்தில் தளராமலும் விடையளித்தார்.

மூன்று கல்வெட்டுகள்

தம் 76-ஆம் வயதில், 1913-இல், வைணவம், சைவம் முதலிய சமயங்களின் வரலாற்றை அவர் நூலாக வெளியிட்டார். அதில் மூன்று கல்வெட்டுகளைச் சான்றாக நிறுத்தினார்.

முதலாவது, இராஜஸ்தானத்தில் சித்தூர்கட் அருகே உள்ள கோஸுண்டியில் கிடைத்தது. அசுவமேத வேள்வி செய்த ஓர் அரசன், சங்கர்ஷணன், வாசுதேவன் ஆகிய இருவரின் வழிபாட்டிடத்திற்குக் கல்மதில் எழுப்பியதை அது கூறுகிறது. வேத வேள்வியும் பாகவத வழிபாடும் ஒருவரிடமே இசைந்திருந்தமை இதனால் புலனாகிறது.

இரண்டாவது, மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவை அடுத்த பெஸ்நகரின் கருடத் தூண். தட்சசீலத்திலிருந்து கிரேக்க மன்னன் அந்தியால்கிடஸின் தூதனாக வந்த ஹீலியோடோரஸ், தேவதேவனான வாசுதேவனுக்கு அத்தூணை நிறுவித் தன்னைப் பாகவதன் என அறிவித்துக்கொள்கிறான். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதி. புலனடக்கம், தியாகம், விழிப்புணர்வு ஆகிய மூன்றும் மேலுலகம் சேர்க்கும் என்றும் அத்தூண் உரைக்கிறது. ஊரார் பூசிவந்த செந்தூரத்தின் அடியில் மறைந்திருந்த எழுத்துகள் 1909-இல்தான் வெளிப்பட்டன. பிற்பாடு அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தவர் பண்டார்கரின் புதல்வர் தேவதத்தர்.

மூன்றாவது, மகாராஷ்டிரத்தின் நாணேகாட் கணவாயில் உள்ள சாதவாகனர் கல்வெட்டு. அதன் தொடக்க வணக்கத்தில் இந்திரன் முதலிய தேவர்களோடு சங்கர்ஷணனும் வாசுதேவனும் போற்றப்படுகின்றனர்.

இம்மூன்றும் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை. வாசுதேவ பக்தி இந்நாட்டில் தழைத்திருந்ததற்கும், பிறநாட்டவரையும் தன்பால் ஈர்த்ததற்கும் கல்லே சாட்சியாயிற்று.

சான்றுக்குக் கட்டுப்பட்ட மனம்

தமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துரைப்பது பண்டார்கரின் இயல்பன்று. ஆயர்பாடிச் சிறுவனாகிய கிருஷ்ணனின் கதைகள் இந்தப் பழைய சான்றுகளில் காணப்படவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அக்கதைகள் ஆபீரர் வழியே பின்னர் வந்து சேர்ந்திருக்கலாம், அவற்றில் கிறிஸ்தவத்தின் சாயலும் இருக்கலாம் என்றுகூட ஊகித்தார். பின்வந்த அறிஞர் பலர் இவ்வூகத்தை ஏற்கவில்லை. ஆயினும் அவரது நேர்மையை அது காட்டுகிறது. வாசுதேவ வழிபாட்டின் தொன்மை பற்றிய அவரது முடிவோ காலப்போக்கில் மேலும் வலுப்பெற்றது. ஆப்கானிஸ்தானத்தின் ஐ-கானும் என்னுமிடத்தில் 1970-இல் கிடைத்த கிரேக்க மன்னன் அகதோக்ளீஸின் வெள்ளிக் காசுகளில், கலப்பை ஏந்திய சங்கர்ஷணனும் சக்கரம் ஏந்திய வாசுதேவனும் காட்சி தருகின்றனர். அவை ஹீலியோடோரஸின் தூணுக்கும் முற்பட்டவை.

ஆய்வில் காட்டிய துணிவை அவர் வாழ்விலும் காட்டினார். பிரார்த்தனை சமாஜத்தில் இறையன்பைப் போதித்தார். துக்காராமின் அபங்கங்களில் தோய்ந்தார். விதவையான தம் மகளுக்கு 1891-இல் மறுமணம் செய்துவைத்து உறவினரின் எதிர்ப்பை அமைதியாகத் தாங்கினார்.

அவரது எண்பதாவது பிறந்தநாளில், 1917 ஜூலை 6 அன்று, புணேயில் அவர் பெயரால் ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றியது. தம் நூல்களை அவர் அதற்கு வழங்கினார். மஹாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை அந்நிறுவனம் 1919-இல் தொடங்கியபோது, நாராயணனை வணங்கும் மங்கல சுலோகத்தைத் தம் கையால் எழுதித் தொடங்கிவைத்தவர் பண்டார்கரே. 1925 ஆகஸ்ட் 24 அன்று அவர் மறைந்தார். அப்பணி 1966-இல் நிறைவுற்றது.

உண்மையைத் தேடுவது பக்திக்குப் பகையன்று. அஞ்சாது ஆராய்பவன், தான் வணங்கும் இறைவனை உண்மையின் வடிவாகவே காண்கிறான். பண்டார்கரின் வாழ்க்கை இதற்குச் சான்று.