பதவி தந்தார்கள், பங்கு தந்தார்களா?

அண்ணல் அம்பேத்கரை நாம் அறிவோம். 1946இல் அவரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப் பாடுபட்ட ஜோகேந்திரநாத் மண்டலை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1904இல் பரிசால் மாவட்டத்தில் நாமசூத்திரர் சமூகத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார். 1937 தேர்தலில் பொதுத்தொகுதியில் நின்று காங்கிரஸ் வேட்பாளரை வென்றார்.

1943இல் வங்காளத்தில் நாஜிமுதீன் அமைச்சரவை அமைய, மண்டல் உள்ளிட்ட 21 பட்டியலின உறுப்பினர்கள் நிபந்தனையோடு ஆதரவு தந்தனர். மூன்று அமைச்சர்கள், கல்விக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய், அரசு வேலையில் உரிய பங்கு ஆகியவை அந்த நிபந்தனைகள். மண்டலும் அமைச்சரானார். 1945 மார்ச்சில் சட்டசபை வாக்கெடுப்பில் அரசு தோற்றது. கவர்னர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1946 தேர்தல் முடியும்வரை மாகாணத்தில் அமைச்சரவையே இல்லை. பேசி வாங்கிய பங்கைக் கேட்க நம்மவர்களுக்கு இடமும் இல்லாமல் போனது.

முஸ்லிம் உழவர்களும் நம் மக்களும் ஒரே வறுமையில் வாடுபவர்கள், சேர்ந்து வாழலாம் என்று மண்டல் நம்பினார். 1947இல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950இல் கிழக்கு வங்காளத்தில் கலவரம் வெடித்தது. அமைச்சராக இருந்தும் தம் மக்களைக் காக்க அவரால் முடியவில்லை. இந்தியா வந்து பதவி விலகினார். 1968 அக்டோபர் 5இல் மறைந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தவரின் சொல் நடந்தால்தான் அது பங்கு. மண்டலின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.