பாலசரஸ்வதி அம்மையாரின் பிள்ளைப் பருவம்

சென்னைமாநகரில் ஜார்ஜ் டவுன் என்னும் பகுதியிலே வீணை தனம்மாள் என்னும் பெருவித்துவாட்டியாரின் இல்லம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவ்வில்லத்தில் எழும் வீணைக்கானத்தைக் கேட்டற்பொருட்டு அக்காலத்துச் சங்கீத வித்துவான்கள் பலர் வந்து கூடுவர். பிற்காலத்தில் கண்ணொளி குன்றிய அவ்வம்மையார் சபையிலே சிறு சத்தம் எழுதலையும் பொறார். அத்துணை அமைதி நிலவிய அம்மனையிலே, 1918 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆந் தேதி, அவர் புதல்வியாகிய ஜயம்மாளுக்கு மகவாய்த் தோன்றியவரே பரதநாட்டியத்தில் உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதி அம்மையார்.

குழந்தை தளர்நடை நீங்கி ஓடியாடத் தொடங்கிய நாளில், அவ்வீதி வழியே பித்தன்போன்ற ஓர் இரவலன் வருவதுண்டு. பிச்சைக்காக அவன் பாடிக்கொண்டே குதித்தாடுவான். அவன் குரல் கேட்டவுடன் குழந்தையும் வாயிலுக்கு ஓடி, அவன் காலெடுத்து வைக்குமாறே தானும் வைத்து ஆடும். கண்டோர் நகைத்தனர். பிள்ளைகள் எதனைக் கண்டாலும் அவ்வாறே செய்தல் இயல்பன்றோ என்று விட்டுவிடுதற்கும் இடமிருந்தது. வகுப்பறையிலே நாம் அன்றாடம் காணும் சிறு குறும்புகளை எத்தனை முறை அவ்வாறு விட்டிருக்கின்றோம்! ஆனால் இக்குழந்தையின் ஆட்டம் ஓரிரு நாளில் ஓய்ந்திலது.

மயிலைக் கபாலீச்சுரத் திருக்கோயிலிலே ஆடற்றொண்டு பூண்டிருந்தவர் கௌரியம்மாள். அவருடைய ஆட்டத்தைக் கண்ட அன்றே, முன்னர் இரவலனோடு குதித்த கால்களுக்குச் செல்லவேண்டிய வழி புலனாயிற்று. தானும் அவ்வாறு ஆடவேண்டும் என்பதொன்றே அதன்பின் குழந்தையின் வேட்கையாயிற்று.

இல்லத்தார் உடனே இசைந்திலர். ஆடல் அக்குடும்பத்துக்குப் புதிதன்று. தஞ்சை அரண்மனையிலே ஆடலும் பாடலும் வல்லவராயிருந்த பாப்பம்மாள் முதலாக எண்ணின் பாலசரஸ்வதி ஏழாந் தலைமுறையினர். தனம்மாளின் பாட்டியாராகிய காமாட்சியம்மாளும் ஆடலிற் சிறந்தவரே. அவருக்குப்பின் அவ்வழியிலே இசை நின்றது, ஆடல் நின்றிலது. அதற்குக் காரணமும் உண்டு. 1892 ஆம் ஆண்டளவிலே சென்னையில் எழுந்த இயக்கமொன்று, சதிராடுவோரையும் அவர்தம் ஆட்டத்தையும் ஒருங்கே இழித்துப் பேசிற்று. கற்றோர் பலர் அக்கச்சேரிகளுக்குச் செல்லுதலையே குறைவாகக் கருதினர். இத்தகைய காலத்தில் ஒரு பெண்குழந்தையின் காலிற் சலங்கை கட்டுதல், அவளைப் பழிக்கு இலக்காக நிறுத்துதல் போலாகும் என்று உறவினர் அஞ்சியது பிழையன்று. அவ்வச்சத்தை நன்கறிந்திருந்தும் மகளின் விருப்பத்தின் பக்கம் நின்றவர் தாயார் ஜயம்மாள். பாட்டியாரின் இசைவும் கிடைத்தது.

ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்ப பிள்ளை. பரதக் கச்சேரியின் இன்றைய ஒழுங்கை வகுத்த தஞ்சை நால்வர் வழியிற் பிறந்த நட்டுவனார் இவர். நாலு வயதளவிலே பாடம் தொடங்கிற்று. மணையின்மேல் தட்டுக்கழி தட்டும் காலக்கணக்குக்கு ஓர் அணுவும் பிசகாமல் அடவுகள் விழவேண்டும். பிசகின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவர் மிகக் கடுமையானவர் என்பதை அம்மையாரே பிற்காலத்திற் கூறியதுண்டு. கூறும்போதெல்லாம் அவரைத் தொழுதே கூறினார். அக்கடுமையை நாம் இன்று பின்பற்றவேண்டும் என்பது எம் கருத்தன்று. விளையாட்டாக வந்த விருப்பம் அப்பயிற்சியிலும் வாடாது நின்றதே வியப்பு. வீட்டிலோ வேறொரு கல்வி நிகழ்ந்தது. பாட்டியாரும் தாயாரும் பாடும் பதங்களைக் கேட்டுக் கேட்டே அவற்றின் பொருளும் இராகமும் குழந்தையின் உள்ளத்திற் படிந்தன. பிற்காலத்தில் தாமே பாடிக்கொண்டு அபிநயம் பிடிக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்தமைக்கு வித்து இதுவே.

1925 ஆம் ஆண்டிலே, ஏழாம் பிராயத்தில், காஞ்சிபுரத்திலுள்ள ஓர் அம்மன் ஆலயத்திலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னர்ச் சின்னையா நாயுடு, வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியார் ஆகியோரிடம் அபிநயம் பயின்றார். குழந்தைப் பருவத்தில் உள்ளங்கவர்ந்த கௌரியம்மாளே அவருக்கு அபிநய ஆசிரியருமானார். 1933 இல் சென்னை மியூசிக் அகாடமியிலும், அதற்கடுத்த ஆண்டிலே கல்கத்தாவிலும் ஆடினார்.

காலம் அவருக்கு இணங்கவில்லை. 1927 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தைத் தொடர்ந்த முயற்சிகள், 1947 ஆம் ஆண்டுச் சட்டமாக முடிந்தன. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அச்சட்டத்தால் ஒழிந்தது. அவ்வழக்கத்தாற் பெண்கள் பலர் பட்ட துன்பம் மெய். சட்டம் அதன்பொருட்டே பிறந்தது. ஆயினும் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள் தம் கலையோடு மதிப்பையும் இழந்து நின்றதும் மெய். மறுபுறத்திலே, ருக்மிணிதேவி அம்மையார் முதலியோரால் இக்கலை புதிய குடும்பங்களிற் பரவிற்று. சிருங்காரத்தைக் குறைத்து ஆடலைத் தூய்மைப்படுத்தவேண்டும் என்னும் கொள்கை அப்போது வலுத்தது. பாலசரஸ்வதி அம்மையார் அதற்கு உடன்பட்டிலர். சிருங்காரமே அபிநயத்தின் உயிர், அதிலே களைதற்குரிய அழுக்கு ஒன்றுமில்லை என்பது அவர் துணிபு. ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் வைத்துப் பாடிய திருமுறைப் பாடல்களைப் பயிற்றும் நமக்கு அவர் கூற்று விளங்காததன்று.

1941 இல் கந்தப்ப பிள்ளை காலமானார். உடல்நலிவும் சேர, அம்மையாரின் ஆட்டம் குறைந்திருந்த ஆண்டுகள் சில. 1953 இல் மியூசிக் அகாடமியின் ஆதரவில் நடனப் பள்ளி தொடங்கிற்று. கந்தப்ப பிள்ளையின் மைந்தர் கணேசன் உடனிருந்தார். 1961 இல் தோக்கியோ, 1962 இல் அமெரிக்கா, 1963 இல் எடின்பரோ என மேடைகள் விரிந்தன. 1973 இல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஆடற்கலைஞர் ஒருவருக்கு அப்பட்டம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை.

1975 ஆம் ஆண்டு டிசம்பரிலே தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அவர் பரதக் கச்சேரியை ஓர் ஆலயத்துக்கு ஒப்பிட்டார். அலாரிப்பைக் கோபுரமாகவும், ஜதிஸ்வரத்தையும் சப்தத்தையும் உள்மண்டபங்களாகவும், வர்ணத்தை மூலவர் சந்நிதியாகவும் கொண்டு அவர் விரித்துரைத்த முறை, கோயிலை வெளியே நின்று பார்த்தவர்க்கு வாய்ப்பதன்று. கோயில்களிலே அவர் குலத்தினரின் ஆடல் நின்றுபோய் நெடுங்காலம் ஆகியிருந்தது.

தம் இளமையிலே கல்கத்தாவில் அவர் ஆட்டத்தைக் கண்டிருந்த சத்தியஜித் ராய், 1976 இல் அவரைப்பற்றிப் படமொன்று எடுத்தார். அதிலே, ஐம்பத்தெட்டு வயதளவில், கடற்கரையிற் காற்று வீச நின்று, குழந்தைக் கண்ணனை வாவென்று அழைக்கும் பதமொன்றுக்கு அம்மையார் அபிநயம் பிடிக்கின்றார். 1984 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் தேதி அவர் சென்னையிற் காலமானார். தாயாரிடம் பயின்ற புதல்வி லட்சுமி அம்முறையையே ஆடியும் கற்பித்தும் 2001 வரை வாழ்ந்திருந்தார்.