கடல் நடுவே ஒரு குவளை நன்னீர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

வரலாறு மாவீரர்களின் வாள்களைப் பற்றிப் பேசும். அவர்கள் ஏறிச் சென்ற கப்பல்களைப் பற்றிப் பேசும். அவர்கள் நாட்டிய கொடிகளைப் பற்றியும் பேசும். அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் இருட்டிலே உருட்டி வைக்கப்பட்டிருந்த தண்ணீர்ப் பீப்பாய்களைப் பற்றி அது பேசுவது அரிது. ஆயினும் அந்தப் பீப்பாய்கள் கெட்டுப் போயிருந்தால் வாளும் இல்லை, கொடியும் இல்லை. தம் கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயைத் தம் கண் போலக் காத்த ஒரு கப்பல் தலைவரின் வாழ்க்கையையே இங்கு எழுத விழைகிறேன். அவர்தாம் கேப்டன் ஜேம்ஸ் குக்.

பள்ளிப் பாடத்தில் நாம் அவரை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கண்டு வரைந்தவராக மட்டுமே படித்தோம். வேதியியல் மாணவனாகிய எனக்கோ அவர் வேறொரு காரணத்தால் நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

குக் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். 1728ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் உழைத்த பண்ணைக் கூலியாள். மகனைப் பள்ளிக்கு அனுப்பப் பணம் கொடுத்தவர் அந்தப் பண்ணையின் முதலாளி. சில ஆண்டுப் படிப்போடு பள்ளி வாழ்வு முடிந்தது. கடலோர ஊர் ஒன்றில் கடைப் பையனாகச் சில காலம் நின்றார். கடைக்குள் நின்றவரைக் கடல் அழைத்தது. 1746இல் விட்பி துறைமுகத்தில் ஜான் வாக்கர் என்பவரின் நிலக்கரிக் கப்பலில் பயிற்சியாளாகச் சேர்ந்தார். பகலில் கயிறு இழுத்தார். ஓய்ந்த நேரத்தில் கணிதமும் வானியலும் கற்றார்.

ஒன்பது ஆண்டுகளில் வணிகக் கப்பல் ஒன்றின் தலைமையே அவரைத் தேடி வந்தது. அதை ஏற்றிருந்தால் வாழ்க்கை வசதியாக ஓடியிருக்கும். அவரோ அதை மறுத்து, 1755இல் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்தார். கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றையும், நியூபவுண்ட்லாந்துக் கரையையும் அளந்து அவர் வரைந்த படங்கள் அவரை அறிஞர்களின் கண்ணில் படச் செய்தன. 1768இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண டஹிட்டித் தீவுக்குச் செல்லும் எண்டெவர் கப்பலுக்கு அவரே தலைவரானார். அந்தக் கப்பலும் விட்பியில் கட்டப்பட்ட பழைய நிலக்கரிக் கப்பல்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது!

இனி, அந்நாளைய கப்பலின் தண்ணீரைச் சற்றுப் பார்ப்போம். ஆற்றிலோ ஓடையிலோ மொண்ட நீரை மரப் பீப்பாய்களில் அடைத்து அடித்தளத்தில் வைப்பார்கள். ஆற்று நீரில் இலை, மண், கழிவு ஆகியவை கலந்திருக்கும். மரத்திலிருந்தும் கரிமப் பொருள்கள் நீரில் ஊறும். இவற்றை உண்டு நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகும். பீப்பாய்க்குள் ஆக்சிஜன் தீர்ந்தவுடன், காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். நம் ஆய்வுக்கூடத்தில் கிப் உபகரணத்தைத் திறந்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அதே அழுகிய முட்டை நாற்றம்! அந்த நீரைத்தான் மாலுமி குடிக்க வேண்டும். நீர் விரைவில் கெடுவதால் அன்றைய ஆங்கிலக் கடற்படை ஒவ்வொரு மாலுமிக்கும் நாள்தோறும் ஒரு காலன் பீர் அளந்து கொடுத்தது. தொலைதூரப் பயணங்களில் பீரும் தீர்ந்துவிடும். பிறகு பீப்பாய் நீரே கதி. அதுவும் அளந்து அளந்து!

குக் தலைவரானவுடன் தூய்மையைச் சட்டமாக்கினார். தளங்களுக்கு இடையே தீ மூட்டி ஈரத்தைப் போக்கினார். உடையையும் படுக்கையையும் வெயிலில் உலர்த்தச் செய்தார். சமையல் செப்புப் பாத்திரங்களை நாளும் துலக்கச் செய்தார். இரண்டு முறையாகப் பகுத்திருந்த காவல் வேலையை மூன்றாக்கி மாலுமிகளுக்கு உறக்கம் அளித்தார். புளிக்க வைத்த முட்டைக்கோஸை மாலுமிகள் தொட மறுத்தபோது, முதலில் அதிகாரிகளின் மேசையில் வைக்கச் செய்தார். பெரியவர்கள் உண்பதைக் கண்டவுடன் சிறியவர்களும் கேட்டு வாங்கி உண்டனர். மனித மனத்தை அறிந்த தலைவர் அவர்!

இவ்வளவு கருத்தாக இருந்தவரைத்தான் ஊழ் மிகக் கடுமையாகச் சோதித்தது. நியூசிலாந்தைச் சுற்றி, ஆஸ்திரேலியக் கரையை வரைந்து முடிக்கும் வரை நோயால் இழப்பு மிகக் குறைவு. 1770 ஜூனில் பவளப் பாறையில் மோதிய கப்பலைச் செப்பனிட வேண்டியிருந்தது. அதற்காக அக்டோபரில் டச்சுக்காரர்களின் பட்டேவியா நகரை அடைந்தார். அதுவே இன்றைய ஜகார்த்தா. அங்கு வெட்டிய கால்வாய்களில் நகரத்தின் கழிவெல்லாம் தேங்கி நின்றது. கொசு மலேரியாவைக் கொடுத்தது. நீர் வயிற்றுக்கடுப்பைக் கொடுத்தது. அங்கேயே ஏழு பேர் மாண்டனர். கப்பலின் மருத்துவரே அவர்களுள் ஒருவர்! டிசம்பர் இறுதியில் புறப்பட்டு, சுந்தா நீரிணையில் இளவரசர் தீவு எனப்பட்ட தீவில் மீண்டும் நீர் நிரப்பினார்கள். அதன் பின் நடுக்கடலில் சாவு நாளுக்கு ஒன்றாக வந்தது. வானியலார் கிரீன் போனார். ஓவியர் பார்க்கின்சன் போனார். நன்னம்பிக்கை முனையைச் சேர்வதற்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் கடலில் இறக்கப்பட்டனர்.

தீவில் நிரப்பிய நீரின் மீது குக்குக்கு ஐயம் எழுந்தது. 1771 ஜனவரியில் பீப்பாய்களில் சுண்ணாம்பு இடச் செய்தார். தளங்களைக் காடியால் கழுவச் செய்தார். நண்பர்களே, இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திச் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தேன். நீரில் நுண்ணுயிர்கள் நீந்துவதை லீவன்ஹூக் 1676லேயே கண்டு எழுதிவிட்டார். ஆனால் அவையே நோய் தரும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அசுத்த நீரால் காலரா பரவுவதை ஜான் ஸ்னோ லண்டன் தெருக்குழாய் ஒன்றைக் கொண்டு காட்டியது 1854இல்தான். அதற்கு 83 ஆண்டுகளுக்கு முன்னரே, காரணம் அறியாமல், கண்ணால் கண்டதை மட்டும் கொண்டு, நீரே குற்றவாளியாக இருக்கலாம் என்று ஒருவர் கணித்தார். சுண்ணாம்பு போதிய அளவு கரைந்தால் நீரின் காரத்தன்மை மிகுந்து கிருமிகள் அழியும் என்பதை இன்று நாம் அறிவோம். மருந்து ஓரளவு சரி, காலம்தான் கடந்துவிட்டது. நோய் ஏற்கெனவே உடல்களில் குடியேறியிருந்தது. 1768இல் புறப்பட்ட 94 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் ஊர் திரும்பவில்லை.

தோல்வியில் துவண்டுவிடாமல் அதிலிருந்து கற்பவரே பெரியோர். 1772இல் ரெசல்யூஷன் கப்பலில் இரண்டாம் பயணம் தொடங்கியபோது, தண்ணீருக்கென்று ஒரு விதியை அவர் கைக்கொண்டார். பீப்பாய் நிறைந்திருந்தாலும் சரி, நல்ல நீர் கிடைக்கும் கரை எதையும் விடக்கூடாது. பழைய நீரைக் கொட்டிப் புதிய நீரை நிரப்ப வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அலையடிக்கும் கரையில் பீப்பாய்களை உருட்டி, நிரப்பி, படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு வருவது முதுகை ஒடிக்கும் வேலை. தேவை இல்லாதபோதும் அதைச் செய்ய வைப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்!

தென் துருவத்தை நோக்கிச் சென்றபோது கரையே இல்லை. எங்கும் பனிக்கட்டி மலைகள். 1773 ஜனவரியில் மூன்று படகுகளை இறக்கி, மிதந்த பனிக்கட்டிகளைப் பொறுக்கி வரச் செய்தார். தளத்தில் வைத்து ஒட்டியிருந்த உப்பு நீரை வடியவிட்டு, உருக்கிப் பார்த்தால் இனிய நன்னீர்! ஏறத்தாழ 15 டன் கிடைத்தது. பனிமலைகள் நிலத்தில் பெய்த பனி இறுகி உண்டானவை. கடல் நீரே உறைந்தாலும் படிகம் உருவாகும்போது உப்பு பெரும்பாலும் வெளியே தள்ளப்படுகிறது. படிகமாக்கித் தூய்மை செய்தல் என்று நாம் செய்முறை வகுப்பில் செய்வதை இயற்கை அங்கே மலையளவில் செய்து வைத்திருந்தது.

கடல் நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஒன்றும் அக்கப்பலில் இருந்தது. இர்விங் என்பவர் அமைத்தது. குக் அதை இயக்கிப் பார்த்தார். பயனுள்ளது என்று ஒப்பினார். ஆனால் அதை மட்டும் நம்பிக் கடலில் இறங்கக் கூடாது என்றும் முடிவு கட்டினார். எரிபொருள் இருந்தால் உயிர் தாங்கும் அளவு நீர் அதில் கிடைக்கும். உடல்நலம் காக்கும் அளவு நீர் கிடைக்காது என்பது அவர் கருத்து. உயிர் தாங்கும் நீர் வேறு, நலம் காக்கும் நீர் வேறு! குடிக்க மட்டுமன்றி, சமைக்கவும் துவைக்கவும் குளிக்கவும் நீர் வேண்டும் என்பதை உணர்ந்த சொல் அல்லவா இது? அதனால்தான் அப்பயணத்தில் மாலுமிகளுக்குத் தண்ணீரை அவர் அளந்து கொடுக்கவே இல்லை.

விளைவு என்ன? மூன்று ஆண்டும் 18 நாளும் நீடித்த பயணத்தில் ரெசல்யூஷன் இழந்தது நான்கு பேரை. அவர்களுள் நோயால் இறந்தவர் ஒரே ஒருவர். உலகம் வியந்தது. மாலுமிகளின் உடல்நலம் காத்த முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்காக 1776இல் ராயல் சொசைட்டி காப்லி பதக்கத்தை அளித்தது. கூலியாளின் மகனுக்கு அறிவியல் உலகின் உயர்ந்த விருது! ஆனால் அதைக் கையில் வாங்க அவர் ஊரில் இல்லை. மூன்றாம் பயணம் தொடங்கிவிட்டது. 1779 பிப்ரவரி 14ஆம் நாள் ஹவாய்த் தீவில், திருடப்பட்ட ஒரு படகுக்காக அத்தீவின் மன்னரைப் பிணையாகப் பிடிக்க முயன்றபோது எழுந்த கலவரத்தில் அவர் கொல்லப்பட்டார். மனைவி எலிசபெத், பெற்ற ஆறு பிள்ளைகளையும் இழந்து, 1835 வரை தனித்து வாழ்ந்தார்.

அவரைக் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்தில் கால் வைத்த நாள்களிலேயே அவருடைய ஆட்களின் துப்பாக்கிக்கு மாவோரி மக்கள் பலியாயினர். அவர் வரைந்த படங்களின் வழியே பின்னர் குடியேற்றமும் கொடுமையும் சென்றன. அறிவியலிலும் பிழை உண்டு. ஸ்கர்வி நோய்க்கு முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றையே அவர் பெரிதும் புகழ்ந்தார். அதில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். எலுமிச்சை, ஆரஞ்சின் ஆற்றலை ஜேம்ஸ் லிண்ட் 1747லேயே சோதித்துக் காட்டியிருந்தும், ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக ஏற்க 1795 வரை ஆயிற்று. பெரியோரின் புகழ் சில வேளைகளில் உண்மைக்குத் திரையாகிவிடுகிறது. அறிவியல் மாணவர்களாகிய நாம் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் நான் ஏன் தேடிப் படித்தேன்? என் தந்தை விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கடலில் ஐந்து, ஆறு நாள் தங்கும் அப்படகில் குடிநீர், ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில்தான் இருக்கும். வெயில் அதன் மேல் விழும். உள்ளே பாசி பிடிக்கும். மீன் அள்ளிய கையே அதில் சொம்பை விட்டு மொள்ளும். ஒரு முறை மூன்றாம் நாளிலேயே மூவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, டீசல் செலவைக்கூட எடுக்காமல் படகு கரை திரும்பியது. அந்த மூவரில் அப்பாவும் ஒருவர். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள்.

நான் படித்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே ஏற்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நாற்றத்தில் சோறு இறங்காது என்றார். நீரில் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் அளவாக ஊற்றினால் போதும். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சினால் போதும். அந்த அளவில் வாடை மிகக் குறைவு என்று விளக்கினேன். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன் டிரம்மைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது நிழலில், மூடியோடு நிற்கிறது. அடியில் ஒரு குழாய் பொருத்தியாயிற்று. சொம்பு உள்ளே போவதில்லை. குழாய்க்கான செலவு அப்பாவின் ஒரு நாள் கூலிக்கும் குறைவு.

இன்றைய பெரிய கப்பல்கள் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் கடல் நீரையே நன்னீராக்கிக் கொள்கின்றன. சிறு படகுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்கு இன்றும் குக்கின் வழிதான். நல்ல நீரை நிரப்பு. கலத்தைத் தூய்மையாக வை. பழையதைக் கொட்டப் புதியது கிடைக்கும்போது சோம்பாதே. இதற்குப் பெரும் பட்டம் தேவையில்லை. நாள் தவறாத கருத்து தேவை.

நண்பர்களே! நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்யாமல் போகலாம். ஆனால் இங்கே கற்கும் ஒரு சிறு உண்மையை நம் தெருவுக்கும், நம் வயலுக்கும், நம் படகுக்கும் கொண்டு சேர்க்க நம் ஒவ்வொருவராலும் முடியும். ஓர் உயிரைக் காக்கும் குவளை நீரில், உலகைச் சுற்றி வந்த பெருமைக்கு இணையான பெருமை உண்டு. அதை அறிந்து செயல்படுவோம்!